இருபத்தாறு அடி

ஆசிரியர் வேலைக்காகப் பி.டி. படித்த காலத்தில் ‘பிரச்சினை முறைக் கற்பித்தல்’ பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்று சொல்வார்கள். வந்தது. நானும் எழுதினேன். ஆசிரியர் பாடத்தை முதலில் சொல்லக் கூடாது. மாணவர் முன்னால் ஒரு சிக்கலை வைக்க வேண்டும். அவர்களே கேட்டு, தேடி, சோதித்து விடை காண வேண்டும். பாடம் அந்த வழியில் தானாக வந்து சேரும். இதில் ஒரு வார்த்தைகூட என் சொந்த வார்த்தை இல்லை. விரிவுரையாளர் பழுப்பேறிய ஒரு நோட்டைப் பார்த்துப் படித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம், விடுதி மொட்டை மாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் கக்கினோம். பிள்ளைகளை யோசிக்க வைப்பது எப்படி என்பதை யோசிக்காமல் உருப்போட்டுப் பாஸ் செய்தவன் நான். அதில் சிரிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஆவடிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு விஞ்ஞான ஆசிரியர் வேலை. வாடகை குறைவு என்று திருநின்றவூரில் குடியிருந்தேன். காலை ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்து, முதல் மணிக்குள் போய்ச் சேர்வேன். பதினோராம் வகுப்பில் பாதிப் பேர் தொழிற்சாலைக் குடியிருப்புப் பிள்ளைகள். ஒருவன் வீட்டில் மதுரைப் பேச்சு, இன்னொருவன் வீட்டில் நெல்லைப் பேச்சு. மீதிப் பாதி சேக்காட்டையும் அதைச் சுற்றியும் இருந்த உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாக்கள் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டவர்கள். அப்பாக்கள் இப்போது தொழிற்சாலை வாசலில் லாரியில் சரக்கு ஏற்றினார்கள்.

அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். பதினோராம் வகுப்புவரை வந்த முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான். பள்ளி திறந்த முதல் வாரமே அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல், வகுப்பு வாசலில் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். உங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இவ நைனா ஒரே பேச்சா சொல்ட்டாரு. இந்த ஒரு தபாதான். பாஸாயிட்டா டீச்சர் ட்ரெய்னிங்ல சேத்து உடறேன்றாரு. இல்லாங்காட்டி என் தம்பிக்கே கட்டி வெச்சிடுவேன்றாரு.”

“தம்பி என்ன செய்யறார்?”

“குமணன்சாவடில சைக்கிள் கடை வெச்சிக்கினு கீறான். நல்லவன்தான், என் கூடப் பொறந்தவனாச்சே. ஆனா முப்பத்தஞ்சு வயசு ஆவுது சார் அவனுக்கு. இவ கொயந்த.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நீங்கதான் கரை ஏத்தி உடணும்” என்றார்.

“கவலைப்படாதீங்கம்மா, நான் பொறுப்பு” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது. பொறுப்பு என்ற சொல்லை அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தடவை சொன்னது மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஜூலை நடுவில் பள்ளி அடிபம்பு நின்றுபோனது. பள்ளிக் கிணற்றை சிமென்ட் பலகை போட்டு மூடி, அதன் மேல் அந்தப் பம்பை நட்டிருந்தார்கள். காலையில் முதலில் வரும் பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றி அடிக்க வேண்டும். அது குடித்த பிறகுதான் நமக்குக் கொடுக்கும். அந்த வாரம் சொம்பு சொம்பாக ஊற்றியும் காற்றுதான் வந்தது. என் வகுப்பிலும் அதே வாரம்தான் ‘பம்பு’ பாடம். கரும்பலகையில் பாதிப் படம் வரைந்திருந்தேன். வெளியே நாலு பையன்கள் மாறி மாறி அடிக்கும் சத்தம் ‘கடக் கடக்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

“இந்தப் படம் இருக்கட்டும். வெளியில இருக்கற பம்பு ஏன் தண்ணி எடுக்கல? யாருக்காவது தெரியுமா?”

பதினோரு வருஷமாக விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைகள். என்னையே பார்த்தார்கள், நான் சொல்லப் போகிறேன் என்று. “எனக்கும் தெரியாது” என்றேன். உண்மையிலேயே தெரியாது. பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அந்தப் பெண்தான் எழுந்தாள்.

“கயட்டிப் பாக்கலாமா சார்?”

கழற்றினோம். குடியிருப்புப் பையன் ஒருவன் அவனுடைய அப்பாவின் ஸ்பானரைக் கொண்டுவந்தான். உள்ளே தோல் வாஷர் நைந்துபோயிருந்தது. அதுதான் காரணம் என்று எல்லோரும் கத்தினார்கள். இன்னொருவனுடைய அப்பா, தொழிற்சாலையில் போட்டுத் தேய்ந்த பழைய பூட்ஸின் தோலை அளவாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துக் கொடுத்தனுப்பினார். மாட்டினோம். ஊற்றி அடித்தோம். காற்று. குழாயில் எங்கேயோ விரிசல் என்றான் ஒருவன். மூட்டுகளில் சோப்பு நுரை பூசிப் பார்த்தார்கள், குமிழி வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோனார்கள், ஒவ்வொரு முறையும் இன்னொரு யோசனை சொன்னார்கள். நான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி மட்டும் கேட்டேன். என் முப்பது வருஷ வேலையில் அந்த மூன்று வாரம்போல் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிணற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொன்னதும் அந்தப் பெண்தான். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பலகையின் ஓரத்து மூடியைத் தூக்கி, கல்லை இறக்கி, தண்ணீரில் பட்டதும் முடிச்சை எண்ணினாள். இருபத்தெட்டு. புத்தகத்தைப் புரட்டினார்கள். பம்பு முப்பத்து நான்கு அடிவரை தண்ணீரை ஏற்றும் என்று அதில் இருந்தது. அப்படியென்றால் ஏன் ஏறவில்லை? வகுப்பில் அன்று எழுந்த சத்தத்தைக் கேட்டுத் தலைமையாசிரியர் அவருடைய அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஊரில் மூடியிருந்த கிணறுகள், பம்பு வைத்த கிணறுகள் எல்லாவற்றிலும் அந்தக் கயிறு இறங்கியது. பள்ளி விட்டதும் கும்பலாகக் கிளம்புவார்கள். ‘இன்னா பாப்பா, கெணத்துல இன்னாத்தப் போட்டுட்டீங்க’ என்று பெண்கள் விரட்டினார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் குறித்துக்கொண்டே வந்தாள்: எந்த வீடு, எத்தனை அடி, பம்பு ஓடுகிறதா இல்லையா. மூன்றாவது வாரம் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள்.

“இருபத்தாறு அடி வரிக்கும் எல்லாப் பம்பும் தண்ணி எடுக்குது சார். அதுக்குக் கீழ போனது ஒண்ணுகூட எடுக்கல. புக்குல முப்பத்திநாலுன்னு போட்டுகீது. நம்ம பம்புல காத்த முழுசா உறிய முடியல, அதான் சார்.”

காற்றழுத்தம் பற்றி நான் அதுவரை அவர்களுக்கு ஒரு வரி சொல்லவில்லை. அவளே வந்து சேர்ந்திருந்தாள். நான் மனப்பாடம் செய்து எழுதிய விடையில் சொன்ன அதே மாதிரி. அது பொய்யில்லை, நடக்கிற காரியம்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் விடை கிடைத்து என்ன? பம்பில் பழுது எதுவும் இல்லை, தண்ணீர்தான் கீழே போய்விட்டது என்பது விடை. சுற்றிலும் புதிது புதிதாக வீடுகளும் கொட்டகைகளும் வந்துகொண்டிருந்தன, எல்லோரும் உறிஞ்சினார்கள். பிள்ளைகள் விடவில்லை. பம்பின் உருளையைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தால் எடுக்கும் என்று கணக்கெல்லாம் போட்டு ஒரு மனு எழுதினார்கள். நானே இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்தேன். குமாஸ்தா படித்துவிட்டு, “பம்பு ரிப்பேர்னா ரிப்பேர்னு எழுதுங்க சார். இது இன்னா, அடி, முடிச்சுன்னு?” என்று திருப்பிக் கொடுத்தார். ‘பம்பு ரிப்பேர்’ என்று எழுதிக் கொடுத்தோம். ஒருவரும் வரவில்லை. ஐப்பசி மழையில் கிணறு ஏறியதும் பம்பு தானாகவே வேலை செய்தது.

“பாத்தீங்களா சார், தானா சரியாயிடுச்சு” என்றார் தலைமையாசிரியர். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர், மேலதிகாரிக்குத் தேர்ச்சி விவரம் எழுதி அனுப்ப வேண்டியவர். “அது கிடக்கட்டும். போர்ஷன் எங்க இருக்கு?”

போர்ஷன் எங்கும் இல்லை. மூன்று வாரம் பம்பில் போயிற்று. அந்த ருசி கண்டபின் நானும் சும்மா இருக்கவில்லை. வெப்பப் பாடத்தைக் கூரை ஓட்டிலும் தகரத்திலும் தொடங்கினேன், அது இரண்டு வாரம். ஒளி, மின்சாரம் இரண்டு பாடமும் ஜனவரிவரை தொடாமல் கிடந்தன. அவற்றைப் பிப்ரவரியில் நான்கே நாளில் வேக வேகமாகப் படித்துக் காட்டி முடித்தேன். ‘யோசிக்கத் தெரிந்த பிள்ளைகள், தாங்களே படித்துக்கொள்வார்கள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தத் திமிர். பிள்ளைகளின் வீட்டில் உட்காரவே இடமில்லாதபோது தானே எங்கே படிப்பது? அதைக்கூட நான் யோசிக்கவில்லை. யோசிக்கச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்!

பரீட்சை மையம் அம்பத்தூரில் ஒரு பள்ளி. விஞ்ஞானப் பரீட்சை அன்று வாசலில் போய் நின்றேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். ஒளியிலும் மின்சாரத்திலும்தான் பெரிய கேள்விகள். ஆனால் நான்காவது கேள்வி: ‘பம்பின் படம் வரைந்து, அது வேலை செய்யும் விதத்தை விவரி.’ எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“சார், பம்பு வந்துச்சு! நாலு பக்கம் எய்திட்டேன் சார்.”

“படம் போட்டியா?”

“நம்ம ஸ்கூல் பம்பையே போட்டேன் சார். பூட்ஸ் தோல் வாஷர் உட்பட. தண்ணி ஏன் ஏறலன்னு, எந்தெந்தக் கெணத்துல எத்தினி அடின்னு அட்டவணை போட்டேன். புத்தகத்தில் முப்பத்து நான்கு அடி என்று உள்ளது, அது தவறு, நாங்கள் அளந்ததில் இருபத்தாறு அடிதான்னு காரணத்தோட எய்தினேன் சார்.”

பரீட்சைத் தாள் திருத்துகிறவனை எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படிப்பட்ட ஒருவன். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்பு மையில், ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்று தள்ளுவோம். உருளை, தண்டு, இரண்டு வால்வு, முப்பத்து நான்கு அடி. இருந்தால் மார்க், இல்லாவிட்டால் கோடு. சேக்காட்டுக் கிணறுகளின் அட்டவணையை உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம்? ‘புத்தகம் தவறு’ என்று ஒரு தாளில் பார்த்தால் நானே என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

“மத்த கேள்வியெல்லாம்?” என்றேன்.

“ஒளியில கொஞ்சம் எய்தினேன் சார். இதுக்கே நேரம் ஆயிடுச்சு.” என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், சிரிப்பு குறைந்தது. “சரியா சார்?”

“ரொம்ப நல்லா எழுதியிருக்கே” என்றேன்.

ரிசல்ட் வந்த அன்று திருநின்றவூர் ஸ்டேஷனிலேயே பத்திரிகை வாங்கி, நின்றபடியே எண்களைத் தேடினேன். அவளுடைய எண்ணுக்கு முந்தைய எண் இருந்தது, பிந்தைய எண் இருந்தது. மூன்று தடவை பார்த்தேன். மார்க் விவரம் வந்தபோது, மற்றப் பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள். விஞ்ஞானத்தில் மட்டும் மூன்று மார்க் குறைவு. என் பாடத்தில். வகுப்பில் வேறு சிலரும் தோற்றார்கள். குடியிருப்புப் பையன்களுக்கு வீட்டில் அண்ணனோ அக்காவோ இருந்து ஒளியையும் மின்சாரத்தையும் உருப்போட வைத்திருந்தார்கள், அவர்கள் தப்பித்தார்கள். அந்தப் பம்புக் கேள்விதான் அவளைக் கவிழ்த்தது என்று நான் எங்கேயும் நிரூபிக்க முடியாது. தாளை யாரும் காட்ட மாட்டார்கள். ஆனால் மூன்று மார்க்குதான்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“செப்டம்பர்ல மறுபடியும் எழுதலாம். ஒரே பாடம்தான். நானே வந்து சொல்லித்தரேன், நிச்சயம் பாஸ்” என்றேன்.

“நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க சார். நான் ஒரு தபான்னு சொன்னது சொன்னதுதான். ஆவணில நாள் பாத்தாச்சு. மச்சானாண்ட வார்த்த குட்த்துட்டேன்” என்றார். குரலில் சூடே இல்லை. “அதுக்குத் தலைல எய்தினது அவ்ளோதான்.”

அம்மா வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ‘நான் பொறுப்பு’ என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. இல்லாமல் இருக்காது.

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டுத் திருப்பித் தரும்போது கேட்டாள்.

“நாம அளந்தது தப்பா சார்?”

“தப்பு இல்லைம்மா.”

“அப்பறம் ஏன் சார்?”

அந்த வருஷம் முழுக்க அவர்களைக் கேள்வி கேட்டவன் நான். இப்போது அவள் என்னைக் கேட்டதும், சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த ஜூனில் பள்ளி திறந்த நாள் முதல் நோட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் எட்டுக் கேள்வி, எட்டு விடை. எழுதிக்கொள்ளுங்கள், மனப்பாடம் செய்யுங்கள், ஒரு எழுத்து மாறக் கூடாது. ‘பம்பு தண்ணீரை முப்பத்து நான்கு அடிவரை ஏற்றும், அடிக்கோடு போட்டுக்கோங்க.’ நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே பம்பு காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால், “இங்க கவனி” என்று அதட்டுவேன். என் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற விழாவில் என்னைத் தனியாகப் பாராட்டிப் பேசினார். என் நோட்டைப் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் பாஸானார்கள், வேலைக்குப் போனார்கள், சிலர் இன்றும் என்னைப் பார்த்தால் கை கூப்புகிறார்கள். இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று பல தடவை வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் நான் ஜெயித்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் பூந்தமல்லியில் தாள் திருத்தும் வேலை முடிந்து திரும்பும்போது, பஸ் மாற குமணன்சாவடியில் இறங்கினேன். நல்ல வெயில். ரோட்டோரத்து அடிபம்பைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒரு பெண் பம்பின் வாயில் சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

“சார்! நல்லா கீறீங்களா சார்?”

கொஞ்சம் பருத்திருந்தாள். சைக்கிள் கடை எதிர்ச்சாரியில் இருக்கிறது என்று கை காட்டினாள். அம்மா போன வருஷம் தவறிவிட்டார் என்றாள். பக்கத்தில் ஏழு வயசில் ஒரு பெண் குழந்தை, எம்பி எம்பிக் கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தது. காற்றுதான் வந்தது. வரிசையில் இருந்தவர்கள் இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்றார்கள். அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள். ஊற்றினாலும் வராது என்று அவளுக்குத் தெரியும். ஊற்றும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

“எம்மா, ஏம்மா தண்ணி வர்ல?” என்றது குழந்தை.

“வர்லன்னா வர்ல.”

“அடில தண்ணி கீதுல்ல? எவ்ளோ ஆயத்துல கீதும்மா? அளந்து பாக்கலாமா?”

அவள் கை சொம்போடு அப்படியே நின்றது. ஒரு நிமிஷம்தான்.

“வாய மூடிகினு அடி. எதுக்கெடுத்தாலும் ஏன் எதுக்குன்னு கேட்டுகினு” என்று குழந்தையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு என்னிடம் திரும்பி, “இப்பவே இப்டிக் கேக்குது சார். புக்குல இன்னா போட்டுகீதோ அத்த மட்டும் படின்னு தெனமும் சொல்லிகினு கீறேன். சரிதான சார்?” என்றாள்.

குழந்தை அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. பரீட்சைத் தாளைத் திருத்தியதில் என் விரலில் சிவப்பு மை அப்படியே இருந்தது.

“சரிதாம்மா” என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.